எல்லா பாவத்தையும் சொல்றேன், அந்த ஒண்ண மட்டும் சொல்ல முடியல ஃபாதர்

கேள்வி: ஃபாதர், எனக்கு 43 வயசு. கல்யாணமாகி ரெண்டு பசங்க. 11 வருஷத்துக்கு முன்னாடி எங்க அம்மா இறந்தாங்க. அவங்க பேர்ல ஒரு டெபாசிட் இருந்துச்சு, நாமினி நான். போறதுக்கு முன்னாடி "பாதிய அக்காவுக்கு குடுத்துடுப்பா"ன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. அப்ப எனக்கு கடன் நெருக்கடி, பணக்கணக்குல ஒரு தப்பு நடந்துடுச்சு. அக்கா கேட்டப்ப எல்லாம் ஆஸ்பத்திரி செலவுக்கே போயிடுச்சுன்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு. அவங்க நம்பிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் எம்மேல உசுரா இருக்காங்க, அதத்தான் தாங்க முடியல. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்றேன், கோவம், பொய், பூசைக்கு போகாததுன்னு எல்லாம் சொல்வேன், இத மட்டும் முழுங்கிடுவேன். பங்கு சாமியாருக்கு என் குரல் நல்லா தெரியும். ஜெபத்துக்கு உக்காந்தா வார்த்தையே வரல. ராத்திரி முழிப்பு வந்துடுது. தெரிஞ்ச பிரதர் ஒருத்தர் ஆண்டவர்கிட்ட நேரா சொன்னா போதும், மனுஷன்கிட்ட எதுக்குங்கறார். சரியா? சாமியார்கிட்ட சொன்னா அக்காகிட்டயும் சொல்லணுமா? அக்கா பணத்த எடுத்துட்டு அவங்கள ஏமாத்தினவன் நான், எனக்கு அந்த பழைய பக்தி திரும்ப வருமா? இந்த ஞாயித்துக்கிழமை நற்கருணை வாங்கலாமா?

பதில்:

அன்பு தம்பிக்கு,

உங்க கடிதத்த ஒரு தடவைக்கு ரெண்டு தடவ படிச்சேன். ஆரம்பத்துல "தப்பு நடந்துடுச்சு"ன்னு எழுதறீங்க, அப்புறம் "சொல்ல வேண்டியதாயிடுச்சு"ங்கறீங்க, என்னமோ அது தானா வந்து உங்க வீட்டு வாசல்ல நின்ன மாதிரி. ஆனா கடைசில வந்து "அக்கா பணத்த எடுத்துட்டு அவங்கள ஏமாத்தினவன் நான்"னு ஒரே வரில போட்டு உடைச்சுட்டீங்க. அந்த வரிய எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு எனக்கு தெரியல, ஆனா நீங்க தேடற மாற்றம் அந்த வரிலயே ஆரம்பிச்சாச்சுன்னு நான் நம்பறேன். மேல இருக்கற வரிகள வச்சுக்கிட்டு இன்னும் 20 வருஷம் வேணாலும் ஓட்டலாம், ஒண்ணும் மாறாது. அந்த கடைசி வரிய அப்படியே எடுத்துட்டு போய் ஒரு குருவானவர் முன்னாடி சொல்றதுதான் பாவசங்கீர்த்தனம், அதுக்கு மேல பெரிய வித்தையெல்லாம் எதுவும் இல்ல.

எனக்கு எழுதினதே போதும்னு மட்டும் நெனச்சுடாதீங்க. கடிதம், ஃபோன் வழியா பாவமன்னிப்பு குடுக்க முடியாது, 1602லயே திருத்தந்தை எட்டாம் கிளமென்ட் தூரத்துல இருந்து கடிதத்துல பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கறது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிட்டார். நேர்ல போகணும், வாயத் தொறந்து சொல்லணும்.

அந்த பிரதர் சொன்னத மொதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அவர் சொல்றதுல பெரிய உண்மை இருக்கு. மன்னிக்கறது கடவுள், சாமியார் இல்ல. நாம பாவத்த ஒத்துக்கிட்டா அவர் உண்மையுள்ளவரா இருந்து மன்னிப்பார்னு 1 யோவான் 1:9 சொல்லுது. அற்ப பாவங்களுக்கு ஒரு நல்ல மனஸ்தாப ஜெபமும் பக்தியோட வாங்கற நற்கருணையும் போதும்னுதான் நம்ம திருச்சபையும் சொல்லுது. அதனால அவர்கிட்ட போய் சண்ட போடாதீங்க. ஆனா தம்பி, நீங்க 11 வருஷமா ஆண்டவர்கிட்ட நேராத்தான சொல்லிட்டு இருக்கீங்க? ராத்திரி முழிப்பு வர்றப்பல்லாம் யார்கிட்ட பேசறீங்க, அவர்கிட்டதான? அப்படி இருந்தும் அக்காகிட்ட சொன்ன பொய் இன்னும் பொய்யாவே நிக்குது, பணம் உங்ககிட்டயே இருக்கு. உள்ளுக்குள்ள மட்டும் சொல்லிக்கறப்ப நாமே குத்தவாளி, நாமே வக்கீல், நாமே ஜட்ஜுன்னு ஆயிடறோம், அப்ப கேஸ் ஒரு நாளும் முடியாது, வாய்தா வாங்கி வாங்கியே வருஷம் ஓடிடும்.

பைபிள்ல தாவீது ராஜா கதைய 2 சாமுவேல் 11லயும் 12லயும் மறுபடி எடுத்துப் படிங்க. தன் படைவீரன் உரியாவ சாகடிச்சாச்சு, அவன் மனைவி பத்சேபாவ வீட்டுக்கு கூட்டிட்டு வந்தாச்சு, குழந்தையும் பொறந்தாச்சு, அத்தனை மாசமும் தாவீது அந்த விஷயத்த வாயத் தொறந்து சொன்னதா ஒரு வரி கூட இல்ல. அவ்வளவு திருப்பாடல் பாடின மனுஷன், ஜெபமே தெரியாதவர் இல்ல. இறைவாக்கினர் நாத்தான் வந்து, பணக்காரன் ஒருத்தன் ஏழையோட ஒரே ஆட்டுக்குட்டிய புடுங்கிட்டான்னு கதை சொன்னதும் தாவீதுக்கு அப்படி கோவம் வருது, அவன் நாலு மடங்கா திருப்பிக் குடுக்கணும்னு தீர்ப்பே சொல்றார். "நீதான் அந்த ஆள்"னு நாத்தான் சொன்னப்பறம்தான் "ஆண்டவருக்கு எதிரா பாவம் பண்ணிட்டேன்"னு வருது. அடுத்தவன் பாவத்துல அவ்வளவு தெளிவா நியாயம் பேசற நமக்கு நம்ம பாவம் தெரிய, எதிர்ல ஒரு ஆள் நிக்க வேண்டியிருக்கு. உயிர்த்த அன்னிக்கு சாயங்காலமே இயேசு சீடர்கள் மேல ஊதி, நீங்க யாரோட பாவங்கள மன்னிக்கறீங்களோ அவங்களுக்கு மன்னிக்கப்படும்னு சொன்னது (யோவான் 20) அதனாலதான்னு நான் நெனைக்கறேன், அவருக்கு மனுஷன் உதவி தேவைப்பட்டதால இல்ல, நமக்கு காதால கேக்க ஒரு மனுஷக் குரல் தேவைப்படுதுங்கறதால. ஒருத்தருக்கொருத்தர் பாவத்த அறிக்கையிடுங்கன்னு யாக்கோபும் எழுதறார். இத உங்க பிரதர்கிட்ட சொல்லலாம், புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு ஆரம்பமா இருந்த மார்ட்டின் லூத்தர் கூட பாவசங்கீர்த்தனத்த கட்டாயப்படுத்தறததான் எதிர்த்தார், தனிப்பட்ட பாவ அறிக்கைய எங்கிட்ட இருந்து யாரும் பறிக்க விடமாட்டேன், அது எனக்கு குடுத்த ஆறுதல் எனக்குத்தான் தெரியும்ங்கற அர்த்தத்துல 1522ல பிரசங்கமே வச்சிருக்கார்.

பங்கு சாமியாருக்கு குரல் தெரியுங்கறீங்க. இது சின்ன பயம் இல்ல, நெறய பேர் இந்த ஒரே காரணத்துக்காக வருஷக்கணக்கா ஒதுங்கி நிக்கறாங்க, அதனால தெளிவா சொல்லிடறேன். உங்க பங்கு சாமியார்கிட்டதான் போகணும்னு ஒரு சட்டமும் கிடையாது. பாவசங்கீர்த்தனம் கேக்க அதிகாரம் உள்ள எந்த குருவானவர்கிட்டயும் போகலாம், யார்கிட்ட போறதுங்கறது உங்க உரிமை (திருச்சபைச் சட்டம் 991). முகம் காட்ட வேணாம்னா நடுவுல கம்பித் தட்டி வச்ச பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கணும்னு சட்டமே (964) சொல்லுது, அதுக்குப் பின்னாடி மண்டி போட்டு சொல்லுங்க. வேற ஊருக்குப் போறப்ப, தியானத்துக்குப் போறப்ப, முன்ன பின்ன தெரியாத சாமியார்கிட்ட சொன்னாலும் அது முழுப் பாவசங்கீர்த்தனம்தான், மட்டமானது ஒண்ணும் இல்ல.

சரி, தெரிஞ்ச சாமியாரே கேட்டாலும் என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. கேட்டத வார்த்தையாலயோ ஜாடையாலயோ வேற எந்த விதத்துலயும் எந்தக் காரணத்துக்காகவும் அவர் வெளிய விட முடியாது (983). வெளிய சொல்லாம மனசுக்குள்ள வச்சுக்கிட்டு அத வச்சு உங்கள வேற மாதிரி நடத்தி கஷ்டப்படுத்தவும் கூடாது, அதுக்குன்னு தனியா இன்னொரு சட்டம் (984) இருக்கு. நேரடியா மீறற குரு அந்த நிமிஷமே திருச்சபைக்கு வெளிய போயிடறார், அந்த தண்டனைய எடுக்கற அதிகாரம் ரோமாபுரிக்கு மட்டும்தான். புனித ஜான் நெப்போமுக்க 1393ல பிராக் நகரத்துல ஆத்துல தூக்கிப் போட்டு கொன்னாங்க, ராணியோட பாவசங்கீர்த்தனத்த ராஜாகிட்ட சொல்ல மறுத்ததாலன்னு மரபு சொல்லுது. நாங்க குருப்பட்டம் வாங்கறப்ப கூடவே வாங்கிக்கற பாரம் இது, அதனாலதான் இந்த பதில்ல கூட "இப்படித்தான் ஒருத்தர் எங்கிட்ட வந்தார்"னு ஒரு உதாரணம் கூட நான் சொல்லப் போறதில்ல. பொதுவா ஒண்ணே ஒண்ணு சொல்றேன், தொட்டிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவருக்கு உங்க பாவம் அதிர்ச்சியா இருக்காது. வருஷக்கணக்கா மறைச்ச ஒண்ண ஒரு ஆள் கஷ்டப்பட்டு வெளிய கொண்டு வர்றப்ப எங்களுக்கு வர்றது அருவருப்பு இல்ல தம்பி, மரியாதைதான் வரும்.

இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயம், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். தெரிஞ்சே ஒரு சாவான பாவத்த, அதாவது கடவுளோட உறவையே முறிக்கற பெரிய பாவத்த, மறைச்சுட்டு மத்தத மட்டும் சொன்னா அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது. மறந்து போனா பரவாயில்ல, மன்னிக்கப்பட்டதுலயே சேந்துடும், ஆனா நீங்க மறக்கல. அதனால இந்த வருஷங்கள்ல நீங்க பண்ண பாவசங்கீர்த்தனங்கள், அந்த நெலமைல வாங்கின நற்கருணை, எல்லாத்தையும் சேத்து சொல்லணும். பயந்துடாதீங்க, டைரிய எடுத்து கணக்கெழுத வேணாம். ஒரு குறிப்பு தெரிஞ்சா போதும். இப்படி சொல்லலாம்:

"சாமி, நான் நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணி 11 வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல வருஷத்துக்கு ஒரு தடவ வந்தேன், ஆனா ஒரு பெரிய பாவத்த வேணும்னே மறைச்சேன், அப்படியே நற்கருணையும் வாங்கினேன். அந்தப் பாவம் இதுதான், எங்க அம்மா அக்காவுக்கு குடுக்கச் சொன்ன பணத்த நான் எடுத்துக்கிட்டேன், அக்கா கேட்டப்ப ஆஸ்பத்திரிக்கு செலவாயிடுச்சுன்னு பொய் சொன்னேன், இன்னும் திருப்பிக் குடுக்கல."

அவ்வளவுதான், ஒரு நிமிஷம் கூட ஆகாது. அப்புறம் இந்த வருஷங்கள்ல வேற பெரிய பாவம் ஞாபகம் வந்தா அதையும் சேத்துக்கோங்க, சாமியார் ஏதாவது கேட்டா பதில் சொல்லுங்க, நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா "ரொம்ப நாளா மறைச்ச ஒண்ணு இருக்கு, சொல்ல முடியல, உதவி பண்ணுங்க"ன்னு சொன்னாலே போதும், அவரே கேட்டு கேட்டு எடுத்துடுவார். மொதல்ல சொல்ல வேண்டியது இதத்தான். கோவம் வந்தது, பூசை விட்டதுன்னு ஆரம்பிச்சா நடுவுல தைரியம் போயிடும், உங்களுக்கே தெரியும் இல்லயா.

கடன் நெருக்கடி பத்தி ஒரு வார்த்தை. அது உண்மையாவே இருந்திருக்கும், நீங்க திணறியிருப்பீங்க, அதுக்காக நான் வருத்தப்படறேன். ஆனா பாவசங்கீர்த்தனத்துல அத முன்னாடி கொண்டு வந்து நிறுத்தாதீங்க. பைபிள்ல இன்னொரு ராஜா இருக்கார், சவுல். 1 சாமுவேல் 15ல அவரும் தாவீது மாதிரியே "பாவம் பண்ணிட்டேன்"னுதான் சொல்றார், ஆனா மக்கள் கேட்டாங்க, பலி கொடுக்கத்தான் ஆட்ட வச்சிருந்தோம்னு அவ்வளவு காரணம் அடுக்கறார், கடைசில இறைவாக்கினர் சாமுவேல்கிட்ட எங்க பெரியவங்க முன்னாடி என் மரியாதைய காப்பாத்துங்கன்னு கேக்கறார். ஒத்துக்கறப்பவே ஒரு கண்ணு கௌரவத்து மேல இருக்கு. தாவீது செஞ்சது சவுல விட பெரிய பாவம்னுதான் நமக்கு தோணும், ஆனா அவர் ஒரு காரணம் கூட சொல்லல. சூழ்நிலைய சாமியார் கேட்டா சொல்லுங்க, கேக்காட்டி விட்டுடுங்க, ஆண்டவருக்கு அது ஏற்கனவே தெரியும்.

பழைய ஞானோபதேசத்துல நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு அஞ்சு காரியம் வேணும்னு சொல்லிக் குடுப்பாங்க, பாவங்கள நெனச்சுப் பாக்கறது, மனஸ்தாபப்படறது, இனி செய்யமாட்டேன்னு பிரதிக்கினை, குருகிட்ட சொல்றது, அவர் குடுக்கற அபராதத்த தீக்கறது. மனப்பாடமா ஒப்பிச்சிருப்பீங்க. இதுல ரெண்டாவதுல நீங்க சிக்கிக்கிட்டு இருக்கீங்கன்னு எனக்குத் தோணுது. மனஸ்தாபத்தையும் மன உளைச்சலையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டீங்க. ராத்திரி தூங்காம தன்னையே திட்டிக்கறது கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா அது பூரா உங்களப் பத்தினது, நான் இப்படிப்பட்டவனா, நான் நல்லவன் இல்லயா, எனக்கு தண்டனை வருமான்னு. மனஸ்தாபம் அக்கா பக்கம் திரும்பும், ஆண்டவர் பக்கம் திரும்பும். பேதுருவும் யூதாசும் ஒரே ராத்திரில விழுந்தாங்க, ஒருத்தர் இயேசுவ தெரியாதுன்னு மறுத்தார், இன்னொருத்தன் காட்டிக் குடுத்தான். யூதாசுக்கு வருத்தமே இல்லன்னு நெனச்சுடாதீங்க, மத்தேயு 27ல அவன் "குத்தமில்லாதவர காட்டிக் குடுத்து பாவம் பண்ணிட்டேன்"னு சொல்லி 30 வெள்ளிக்காசையும் திருப்பி வீசிட்டான், ஆனா அவன் போய் நின்னது "எங்களுக்கு என்ன, நீயே பாத்துக்கோ"ன்னு சொன்ன ஆளுங்க முன்னாடி. பேதுருவும் அழுதார், அழுதுட்டு மறுபடி இயேசு இருக்கற பக்கமே வந்தார், கரையில இயேசு நிக்கறார்னு தெரிஞ்சதும் படகு போய் சேர்ற வரைக்கும் கூட பொறுக்காம தண்ணில குதிச்சார். அந்தக் குற்ற உணர்ச்சிய எங்க கொண்டு போய் வைக்கறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

தூக்கம் போறது பத்தி எழுதியிருந்தீங்க. அது மட்டும்னா பாவசங்கீர்த்தனத்துக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சரியாகலாம். ஆனா நான் எதுக்கு உயிரோட இருக்கணும்ங்கற மாதிரி நெனப்பு எப்பவாவது வந்தா தயவுசெஞ்சு காத்திருக்காதீங்க, அன்னிக்கே வீட்ல சொல்லி ஒரு மனநல டாக்டர பாருங்க. விசுவாசம் கம்மின்னு அதுக்கு அர்த்தம் கிடையாது.

இப்ப அக்கா விஷயம். நீங்க கேட்டதுலயே பெரிய கேள்வி இதுதான்.

பணத்த திருப்பிக் குடுக்கறதுல பேச்சே இல்ல. அது சாமியார் குடுக்கற அபராதம் கூட இல்ல, அதுக்கு முன்னாடியே இருக்கற கடமை. திருடினது, ஏமாத்தி எடுத்ததுன்னா முழுசையும் குடுத்து, அதோட அஞ்சுல ஒரு பங்கு சேத்து, உரியவங்க கையில குடுக்கணும்னு லேவியர் ஆகமம் 6வது அதிகாரத்துல இருக்கு, குற்றநீக்க பலிய கொண்டு வர்ற அதே நாள்ல குடுக்கணும்னு நாள் கூட குறிச்சிருக்கு. வரி வசூலிச்ச சக்கேயு மரத்துல இருந்து எறங்கி இயேசுவ வீட்டுக்கு கூட்டிட்டுப் போன அன்னிக்கே நாலு மடங்கா தர்றேன்னு நின்னார். எடுத்தத திருப்பிக் குடுக்க முடிஞ்சும் குடுக்காதவன் பண்றது மனஸ்தாபம் இல்ல, நடிப்புன்னு புனித அகுஸ்தினார் கறாரா எழுதியிருக்கார். குடுக்கணும்ங்கற உறுதியே இல்லாம போனா சாமியார் பாவமன்னிப்ப தள்ளி வைக்கவும் நேரலாம்.

எவ்வளவு குடுக்கறது? அந்தப் பாதி, அது டெபாசிட்லயே கெடந்திருந்தா இன்னிக்கு என்ன ஆகியிருக்குமோ அந்த வட்டி, இத ஒரு பேப்பர்ல கணக்கு போடுங்க. மொத்தமா இல்லன்னா தவணைல குடுங்க, ஆனா அக்காவுக்கு தெரிஞ்ச தவணையா, தேதி போட்ட தவணையா இருக்கணும். உங்க மனைவிக்கு தெரியாம இதச் செய்யாதீங்க, குடும்பத்துல இருந்து பணம் போகப் போகுது, இன்னொரு ரகசியத்த ஆரம்பிச்சு ஒரு ரகசியத்த முடிக்க முடியாது. அவங்ககிட்ட மொதல்ல சொல்லிடுங்க.

நெறய பேர் இந்த எடத்துல ஒரு வழி கண்டுபிடிப்பாங்க. அக்கா பசங்க படிப்புக்கு ஃபீஸ் கட்டறது, வீடு கட்ட உதவின்னு ஒரு தொகை குடுக்கறது, மனசுக்குள்ள "இது அந்தக் கணக்குல"ன்னு கழிச்சுக்கறது. சட்டப்படி பாத்தா எடுத்தவன் தன்ன காட்டிக்காம திருப்பிக் குடுக்கறது எல்லா நேரத்துலயும் தப்புன்னு திருச்சபை சொல்லல, பேர் தெரியாம அனுப்பி வைக்கற சூழ்நிலையும் உண்டு, ஊரறிய ஒத்துக்கிட்டே ஆகணும்னு எந்த சாமியாரும் உங்கள கட்டாயப்படுத்த மாட்டார். ஆனா உங்க விஷயத்துல அந்த வழி வேணாம்னு நான் கேட்டுக்கறேன். ஏன்னா அப்படிக் குடுத்தா அக்கா உங்களுக்கு நன்றி சொல்வாங்க. கடன்காரனா நிக்க வேண்டிய எடத்துல வள்ளலா நிப்பீங்க. பழைய பொய் மேல புதுசா ஒரு பொய் வந்து உக்காந்துக்கும், உங்களுக்கு அப்புறம் தூக்கம் வருமா?

இன்னொரு காரணம் இருக்கு, இதுதான் எனக்கு உங்க கடிதம் படிச்சதுல இருந்து மனச விட்டுப் போகாம இருக்கு. அக்காகிட்ட இருந்து நீங்க பணத்த மட்டும் எடுக்கல தம்பி. சாகப்போற நேரத்துல அம்மா அவங்கள நெனச்சாங்க, அவங்களுக்குன்னு ஒண்ணு ஒதுக்கினாங்க. அந்த செய்தி அவங்களுக்கு போயே சேரல. 11 வருஷமா அவங்க மனசுல என்ன இருக்கும், அம்மா எனக்குன்னு ஒண்ணும் சொல்லலையேன்னு ஒரு ஓரத்துல வலிச்சிருக்காதா? அந்த வார்த்தைய கேட்டது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான், நீங்க சொல்லாட்டி அது உங்களோடயே போயிடும். பணத்த எந்த வழியிலயும் அனுப்பிடலாம், அம்மா சொன்னத நீங்க வாயத் தொறந்துதான் குடுக்க முடியும். அதனாலதான் சொல்லுங்கங்கறேன். வெறும் உங்க மனபாரத்த எறக்கி வைக்க அக்கா தலைல கொண்டு போய் கொட்டறதா இருந்தா நான் யோசிங்கன்னு சொல்லியிருப்பேன், சிலருக்கு அப்படித்தான் சொல்லவும் வேண்டியிருக்கும், ஆனா இது அவங்களுக்கு சேர வேண்டியது.

எப்படி சொல்றது? பாவசங்கீர்த்தனத்த மொதல்ல முடிச்சுட்டு போங்க, அந்த அருளோட போனா கால் நடுங்கினாலும் நிக்கும். விசேஷ வீட்ல வேணாம், ஃபோன்ல வேணாம், மத்தவங்க இருக்கறப்ப வேணாம். நேர்ல உக்காந்து, மொத மூணு வாக்கியத்துக்குள்ள விஷயத்த சொல்லிடுங்க: "அக்கா, அம்மா போறதுக்கு முன்னாடி டெபாசிட்ல பாதி உனக்குன்னு சொன்னாங்க. நான் குடுக்கல, நானே எடுத்துக்கிட்டேன். செலவாயிடுச்சுன்னு உங்கிட்ட சொன்னது பொய்." கணக்கு போட்ட பேப்பர கையில வச்சிருங்க. கடன் கதைய அவங்களா கேட்டா சொல்லுங்க. மன்னிச்சுடுன்னு கேளுங்க, ஆனா பதிலுக்காக அங்கயே உக்காந்து அழுது அவங்கள நெருக்காதீங்க. அவங்க கத்தலாம், பேசாம எழுந்து போகலாம், மாசக்கணக்கா ஃபோன் எடுக்காம இருக்கலாம், அதுக்கு அவங்களுக்கு முழு உரிமை இருக்கு. "கடவுளே என்ன மன்னிச்சுட்டார், நீ மன்னிக்க மாட்டியா"ன்னு மட்டும் வாய்ல வந்துடக்கூடாது. அவங்க மன்னிச்சாலும் மன்னிக்காட்டியும் தவணை போய்ச் சேரணும்.

பழைய பக்தி திரும்ப வருமான்னு கேட்டீங்க. நான் வாய மூடிட்டு இருந்தப்ப என் எலும்பெல்லாம் தளந்து போச்சுன்னு 32வது திருப்பாடல்ல ஒரு வரி இருக்கு, உங்க ஜெபத்துல வார்த்தை வராததுக்கு அதுல பதில் இருக்கு. சொல்ல வேண்டிய ஒண்ண சொல்லாம ஆண்டவர்கிட்ட மத்ததெல்லாம் பேசப் போனா தொண்டை அடைக்கத்தான் செய்யும், அவர் உங்கள விட்டுப் போனதால வந்த வறட்சி இல்ல அது. ஊதாரி மகன் வர்ற வழியெல்லாம் ஒரு பேச்ச தயார் பண்ணிட்டு வர்றான், பாவம் பண்ணிட்டேன், உங்க மகன்னு சொல்ல தகுதி இல்ல, உங்க வேலக்காரங்கள்ல ஒருத்தனா வச்சுக்கங்கன்னு. லூக்கா 15ல நல்லா கவனிச்சுப் படிங்க, மொத ரெண்டையும் சொல்லிட்டான், அந்த வேலக்காரன் வரி வர்றதுக்குள்ள அப்பா குறுக்க பூந்து துணிய கொண்டாங்க, மோதிரத்த போடுங்கன்னு ஆரம்பிச்சுட்டார். பாவத்த சொல்ல விட்டார், ஆனா இனிமே நான் மகன் இல்லன்னு அவனே தனக்கு எழுதிக்கிட்ட தீர்ப்ப சொல்லி முடிக்க விடல. நீங்களும் அப்படி ஒரு தீர்ப்ப எழுதி வச்சிருக்கீங்க, பாவமன்னிப்புக்கு அப்புறம் அத திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்காதீங்க.

ஆனா வெளிய வந்த உடனே வானத்துல பறக்கற மாதிரி இருக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன். சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு ஒண்ணுமே தோணாது, ரெண்டுலயும் மன்னிப்பு முழுசு. காய்ச்சல் விட்டதும் ஓட முடியாதில்லயா, உடம்பு தேறணும், ஆத்துமாவும் அப்படித்தான். இயேசு சபைய தொடங்கின புனித இஞ்ஞாசியார் 1522ல மொன்செராட்ல முழுப் பாவசங்கீர்த்தனம் பண்ணி முடிச்சப்பறமும், மன்ரேசாவுல இருந்தப்ப சரியா சொன்னோமா, விட்டுட்டோமான்னு மறுபடி மறுபடி அதே பாவத்துக்குப் போய், சாகலாமான்னு நெனைக்கற வரைக்கும் தவிச்சார், கடைசில சொன்ன பழைய பாவத்த இனி தோண்ட மாட்டேன்னு முடிவு பண்ணப்பறம்தான் அவருக்கு நிம்மதி வந்துச்சு. அதனால ஒரு தடவ முழுசா சொல்லிட்டீங்கன்னா அது முடிஞ்சுது. அதுக்கப்பறம் மாசத்துக்கு ஒரு தடவ போற பழக்கம் வச்சுக்கோங்க, வருஷத்துக்கு ஒரு தடவங்கறது 1215ல திருச்சபையோட லாத்தரான் பொதுச்சங்கம் வச்ச குறைஞ்சபட்ச அளவு. ஜெபத்துக்கு உக்காந்தா நீளமா எதுவும் முயற்சி பண்ணாதீங்க, 51வது திருப்பாடல மெதுவா ஒரு தடவ வாசிங்க, அக்கா பேர சொல்லி ஒரு வரி ஜெபம் பண்ணுங்க, போதும்.

ஞாயித்துக்கிழமை நற்கருணை பத்தி. பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னாடின்னா வாங்காதீங்க, பூசைக்கு மட்டும் போங்க, வரிசைல எழுந்து போகாம உக்காந்திருக்கறத யாராவது பாத்தா பாக்கட்டும். நிறைய பங்குகள்ல சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் கேப்பாங்க, பூசைக்கு முன்னாடி கேக்கற எடமும் உண்டு, இல்லன்னா எந்த சாமியார்கிட்டயாவது நேரம் கேட்டு போங்க, எதுக்குன்னு காரணம் கூட சொல்ல வேணாம். பாவமன்னிப்பு வாங்கிட்டா அன்னிக்கே வாங்கலாம். பணம் முழுசும் அடையற வரைக்கும், அக்கா பேசற வரைக்கும்னு காத்திருக்க வேண்டியதில்ல, குடுத்தே தீருவேன்ங்கற உறுதி உண்மையா இருந்தா போதும், மொத தவணைய மட்டும் தள்ளிப் போடாதீங்க.

உங்களுக்காகவும் உங்க அக்காவுக்காகவும் பூசைல வேண்டிக்கறேன்.

அன்புடன்,
ஃபாதர்